கணப்புக்குப் பின்னால் ஒரு வாசல்

க்யிம்யிண்டைங், யாங்கோன்
21 ஜனவரி 2024

தம்பி ஹஸ்ஸானுக்கு லாத்தா சைதா எழுதுவது. ஸலாம்.

போனில் இனி உன்னோடு பேசுவதில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னேன். அது அப்படியே இருக்கிறது. தாளில் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கரண்ட் வந்ததும் அப்ஸானா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். என் மகள் தமிழ் பேசுவாளே தவிர ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆகையால் உன்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதலாம், உன் மானம் போகாது.

நேற்றுக் காலை மூன்று பேர் வந்தார்கள். பழங்கட்டடப் பேணல் குழுவாம். அவர்களில் மூத்தவர் உ தெய்ன் வின், சர்வேயர். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றினார். முன்வீட்டின் பெரிய கூடத்தை அளந்தார்கள், மாடிப்படியை அளந்தார்கள், மூன்று புகைபோக்கிகளையும் கீழே நின்று படம் எடுத்தார்கள். நான் தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அடுக்களைச் சுவரிலும் முற்றத்துச் சுவரிலும் ரத்தினம்மாள் அறைச் சுவரிலும் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டார்கள்.

ரத்தினம்மாள் பதினெட்டு வருஷமாய் நம் வீட்டில் குடியிருப்பவள், காலையில் மொஹிங்கா மீன்குழம்புச் சேமியா விற்பவள், யாருக்கும் பயப்படாதவள். அவளே குரல் இறங்கி, "ஏம்மா, இது இடிக்கிறதுக்குப் போடுற குறியாச்சே?" என்றாள்.

உ தெய்ன் வின் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். மழைக்கு முன்னால் பின்கட்டைப் பிரித்துவிட்டு, முன்வீட்டை அவர்கள் செலவிலேயே பழுது பார்த்து, வாசலில் பித்தளைப் பலகை வைப்பார்களாம். "வீட்டுக்காரரே கேட்டுக்கொண்டது, டோ சைதா" என்றார். கீழே உன் கையெழுத்து. கூடவே நீ கையால் வரைந்த வீட்டுப் படம். அந்தப் படத்தில் நம் வீடு மாடிப்படியோடு முடிந்துபோகிறது. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளைத் தாள்.

நான் இப்போது அந்த வெள்ளைத் தாளில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று பதில் போடு.

சைதா


வெதர்லி மேனர், இங்கிலாந்து
28 ஜனவரி 2024

அன்புள்ள லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம். தமிழில் எழுதப் பேனா பிடித்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தப்பு. ஆனால் செய்தது தப்பில்லை.

நான் உணவகத்தை விட்டு இந்த மாளிகையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நானூறு வருஷத்துப் பழைய வீடு. பார்க்க வருகிறவர்கள் எதையும் தொட்டுவிடாமல் கூடத்தில் நிற்பதுதான் என் வேலை. முதல் நாள் வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். முன்னால் இரண்டு முக்கோண முகப்புகள், நடுவில் உள்வாங்கிய வாசல், செங்கல்லில் நெட்டையாய் மூன்று புகைபோக்கிகள். உள்ளே குளிர்காய இரண்டு ஆள் உயரக் கணப்பு, சுவர் முழுக்க மரப்பலகை, குமிழ் வைத்த மாடிப்படி. லாத்தா, இது நம் வீடு! இவர்களுடையது ஓக் மரம், நம்முடையது மௌல்மேன் தேக்கு. வேறு வித்தியாசம் இல்லை. மழை ஒழுகும் மூலைகூட அதே மூலைதான்.

நம் பூட்டனார் பீர் முகைதீன் அரிசி வியாபாரத்தில் நிமிர்ந்து, ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஒரு படத்தை மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டிய வீடு என்று வாப்பா எத்தனை முறை சொல்லியிருக்கிறார். நூறு வருஷம் தாண்டி அப்படியே நிற்கிறது. யாங்கோனில் அப்படி இன்னொன்று இருக்கிறதா? யாராவது பிடித்து நிறுத்தாவிட்டால் பத்து வருஷத்தில் விழுந்துவிடும். அதனால்தான் அந்தக் குழுவைத் தேடிப் பிடித்தேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பிற்காலச் சேர்க்கைகளை நீக்கச் சம்மதமா? சம்மதம் என்று எழுதினேன். பின்பக்கம் இருப்பது பிற்காலத்தில் இழுத்துக் கட்டிய சாய்ப்புகள்தானே?

உங்களை யாரும் தெருவில் விடவில்லை. முன்வீட்டு மாடியில் மூன்று அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பழுது பார்த்தபின் நீங்களும் மச்சானும் அங்கே ராஜா ராணி மாதிரி இருக்கலாம். இங்கே தேநீர்க் கூடத்தில் நம் வீட்டின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். கீழே ‘பிரபு பீர் முகைதீனின் ரங்கூன் மாளிகை’ என்று எழுதியிருக்கிறது. அதன் முன்னால் நின்று எல்லோரும் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்புடன்
ஹஸ்ஸான்


க்யிம்யிண்டைங்
6 பிப்ரவரி 2024

தம்பிக்கு ஸலாம்.

பிரபுவா? பூட்டனார் அக்கரை டாலாவிலும் இங்கேயும் தோணியில் அரிசி மூட்டை ஏற்றி இறக்கியவர். அந்தத் தேநீர் குடிக்கிறவர்களிடம் அதையும் சொன்னாயா?

ராஜா ராணியாய் இருக்கச் சொல்கிறாய். சரி, நீ மாளிகை என்கிற முன்வீட்டில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், கேள். எனக்குக் கல்யாணமான வருஷம் ஆசைப்பட்டு மாடியில் தென்மேற்கு அறைக்குப் போனோம். அந்த ஜன்னல்கள் குளிர் நாட்டில் வெயிலை உள்ளே இழுக்க வைத்தவை. இங்கே ஏப்ரலில் அந்த அறையில் முட்டையைச் சும்மா வைத்தாலே அவிந்துவிடும். சின்னச் சின்னக் கண்ணாடியாய் ஈயத்தில் கோத்திருப்பதால் பாதிதான் திறக்கும், காற்று வராது. ஜூனில் மழை நேரே அந்த முகத்தில்தான் அடிக்கும். நாற்பது நாள் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். கீழே இறங்கி வந்தவர்கள்தான், திரும்பப் போகவில்லை. உன் இரண்டு ஆள் உயரக் கணப்பில் வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறது. அதற்கு அது நல்ல இடம், ஒப்புக்கொள்கிறேன். நடுப் புகைபோக்கியில் அரசமரம் முளைத்து வெடித்துப்போய் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. காற்றடித்தால் நான் அதற்கு நேர்கீழே நடப்பதில்லை.

நீ சாய்ப்பு என்று எழுதியதில் நடுமுற்றம், கிணறு, அடுக்களை, ஆறு அறைகள் இருக்கின்றன. ஒன்பது வயதில் உன்னை ஆம்பிளைகளோடு முன்கூடத்தில் படுக்க வைத்தார்கள். பதினேழில் கப்பல் ஏறிவிட்டாய். சாப்பாடும் உனக்கு முன்கூடத்துக்கே வந்துவிடும். பின்கட்டில் என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல் கோபப்படுவதா, பரிதாபப்படுவதா என்று எனக்கே விளங்கவில்லை.

இப்போது முக்கியமானது. அப்ஸானாவுக்கு நிக்காஹ் ஏப்ரல் 28. மாப்பிள்ளை ரிஹான், மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் மகன், பொறுமையானவன். நம் காயல்பட்டினத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அவர்களுக்கென்று முற்றத்துக் கிழக்கறையைச் சுண்ணாம்படித்து வைத்திருக்கிறேன். அதில் இப்போது சிவப்புக் குறி. ரிஹானின் உம்மா வந்து பார்த்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனார். அதுதான் எனக்குப் பயமாய் இருக்கிறது.

2018-இல் நீ வந்திருந்தபோது பத்திரத்தை ஏன் உன் பெயருக்கு மாற்றினோம்? என் அடையாள அட்டை புதுப்பிக்கக் கொடுத்து வராமல் கிடந்தது, வாப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால். அன்றைக்கு வாப்பா உன் முன்னாலேயே என்ன சொன்னார்? "பேருதான் அவன் பேரு. ஊடு ஓன் ஊடு." நீயும் தலையாட்டினாய்.

சம்மதத்தை வாபஸ் வாங்கு.

சைதா


வெதர்லி
17 பிப்ரவரி 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

நிக்காஹ் செய்தி தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் பொறுத்திருப்பேன். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்கலாம் என்று பார்த்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்றும் தெரிகிறது. உம்மா மௌத்தானபோது கொரோனாவால் விமானம் ஓடாமல் நான் வர முடியவில்லை. அந்த ஆத்திரத்தில், வீட்டில் ஈரம் ஏறவிட்டு உம்மாவுக்குச் சளி கட்ட வைத்தது நீங்கள்தான் என்று போனில் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

வாப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் லாத்தா, வாபஸ் வாங்குவது நீங்கள் நினைக்கிற அளவுக்கு எளிது இல்லை. அப்படிச் செய்தால் குழு மொத்த வீட்டையும் கைவிட்டுவிடும். முன்வீடு விழும். இங்கே எனக்கும் ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. கூடத்தில் நிற்கும் வேலையிலிருந்து வழிகாட்டி வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். என் குடும்பமே இப்படி ஒரு மாளிகையில் வாழ்ந்தது என்பதால்தான் சொன்னார்கள். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாய் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரு வழி இருக்கிறது. பின்கட்டு முன்வீட்டோடு சேர்த்தே கட்டியது என்று காட்ட முடிந்தால் அது பிற்காலச் சேர்க்கை ஆகாது. குறியை அழித்துவிடுவார்கள். முன்வீடும் பிழைக்கும், நீங்களும் இருப்பீர்கள். இங்கே என்னோடு வேலை பார்க்கும் மார்கரெட் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் தெரியும். அவர் சொல்லிக்கொடுத்தது இது: இரண்டு சுவர்கள் சேரும் மூலையைப் பாருங்கள். ஒரே காலத்தில் கட்டியதானால் செங்கற்கள் மாறி மாறி ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருக்கும். பிறகு கட்டியதானால் பூட்டு இருக்காது. ஒன்றன்மேல் ஒன்று சும்மா சாய்ந்திருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடு தெரியும், கத்தி நுழையும். எது எதன்மேல் சாய்ந்திருக்கிறதோ அதுதான் பின்னால் வந்தது.

ஒரு நல்ல கொத்தனாரை வைத்துப் பாருங்கள். பூட்டியிருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன்.

ஹஸ்ஸான்


க்யிம்யிண்டைங்
3 மார்ச் 2024

தம்பிக்கு,

பூட்டு இல்லை.

சின்னத்தம்பி கொத்தனாரை வரச் சொன்னேன். புகைபோக்கியில் அரசமரத்தை வெட்ட எப்படியும் வருவதாக இருந்தவர்தான். முன்கூடத்துப் பக்கச்சுவர் பின்கட்டுச் சுவரில் வந்து முட்டுகிற மூலையில் காரையைச் சுரண்டினார். உன் மார்கரெட் அம்மா சொன்ன அதே கோடு. என் தேங்காய்க் கத்தி கைப்பிடி வரைக்கும் போயிற்று. ரத்தினம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னத்தம்பி மட்டும் நகராமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா, கத்தி போகுறது இருக்கட்டும். எது எதும்மேல சாஞ்சிருக்குன்னு பாத்தீங்களா? பின்சுவர் நேரா நிக்குது. ஒங்க கூடத்துச் சுவருதான் வந்து ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. ஹஸ்ஸான், நாம் இரண்டு பேரும் எப்பேர்ப்பட்ட மடையர்கள்! பூட்டனார் பீர் முகைதீன் யார்? நம் பூட்டி உஸ்மா பீவியைக் கட்டிக்கொண்டவர். நம் வழக்கப்படி அவர் எங்கே வந்திருப்பார்? பெண் வீட்டுக்கு. அப்படியானால் அவர் வரும்போதே இங்கே ஒரு வீடு இருந்திருக்க வேண்டும் அல்லவா? உஸ்மா பீவியின் வாப்பா மகளுக்குக் கொடுத்த வீடு. வாப்பா ‘பூட்டனார் கட்டிய வீடு’ என்று சொல்லிச் சொல்லி நமக்கு அது தோன்றவே இல்லை.

வெங்காய மூட்டைகளை நகர்த்தச் சொன்னேன். கணப்பின் பின்சுவரில் நாலு செங்கல்லை எடுக்கச் சொன்னேன். உள்ளே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி, அதற்கு அப்பால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். மழை பட்டுக் கறுத்த சுவர், வெளிச்சுவர். இன்னும் நாலு எடுத்தோம். தேக்கு நிலை தெரிந்தது. பூவேலை செய்த நிலை, கதவில்லாமல் செங்கல் வைத்து அடைத்தது. பக்கத்தில் விளக்கு மாடம், அதில் எண்ணெய்ப் புகை இன்னும் அப்பியிருக்கிறது. உஸ்மா பீவி வீட்டின் தலைவாசல் அது. ஆற்றைப் பார்த்திருந்த வாசல். அதை அடைத்து, அதன் முன்னால் உன் கணப்பைக் கட்டி, வீட்டு ஆட்கள் போக வர மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். நாற்பத்தொன்பது வருஷமாய் அந்தக் கதவில் தலை இடித்துக்கொண்டவள் நான்.

உ தெய்ன் வினைக் கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச்சோடு கணப்புக்குள் நுழைந்தவர் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் கரி. சிரித்துக்கொண்டே வந்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "டோ சைதா, பின்கட்டுக்கு இனி ஆபத்தில்லை. ஆனால் உங்கள் தம்பி பிற்காலச் சேர்க்கையை நீக்கச் சம்மதம் என்று எழுதியிருக்கிறார். இப்போது பிற்காலச் சேர்க்கை முன்வீடுதான். எழுதியபடி செய்வதானால் நாங்கள் அந்த ஆங்கிலேய வீட்டைத்தான் பிரிக்க வேண்டும்" என்றார்.

அவர் இன்னும் குழுவுக்கு எழுதவில்லை. பழைய அறிக்கைதான் ஆபீசில் இருக்கிறது, அதன்படி ஏப்ரல் 22-இல் பின்கட்டை இடிக்க ஆள் வருவார்கள். தண்ணீர்த் திருவிழா விடுமுறை பன்னிரண்டாம் தேதியே தொடங்கிவிடும். அதற்குள் வீட்டுக்காரர் கைப்பட எழுதித் தன் படம் தவறு என்று சொல்லி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினால் எல்லாம் நின்றுவிடும். வேறு வழியில்லை என்கிறார்.

பித்தளைப் பலகையும் கிடையாது. எழுது, தம்பி.

லாத்தா


வெதர்லி
10 மார்ச் 2024

லாத்தா,

நீங்கள் அனுப்பிய படங்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தச் செங்கற்களை மறுபடி வைத்துப் பூசிவிட முடியுமா? உ தெய்ன் வின் நல்லவர் என்கிறீர்கள். இரண்டும் ஒரே காலத்துக் கட்டடம் என்று அவர் எழுதிக்கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முன்வீட்டுக்குப் பலகை கிடைக்கும், உங்களுக்குப் பின்கட்டு இருக்கும். ஒரு வாசல் நூறு வருஷம் அடைபட்டுக் கிடந்தது. இன்னும் கொஞ்ச காலம் கிடந்தால் என்ன?

இந்த மாதக் கடைசியில் வழிகாட்டி வேலைக்கு நேர்முகம். அதற்குள் நான் போய், அது பிரபு வீடு இல்லை, மாமனார் வீட்டில் குடியிருந்த ஒருவர் ஒட்டுப்போட்ட முகப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஹஸ்ஸான்


க்யிம்யிண்டைங்
15 மார்ச் 2024

ஹஸ்ஸானுக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக்கூடாது என்பதால் சுருக்கமாய் எழுதுகிறேன்.

பூசமாட்டேன். பொய் எழுதித் தரச் சொல்லி அந்த மனிதரிடம் கேட்கவும் மாட்டேன். உஸ்மா பீவியின் வீட்டில் அவருடைய வாசலை அடைத்தார்கள். பிறகு வீட்டுக்கே புருஷன் பெயரைச் சொன்னார்கள். பிறகு உன் பெயரில் பத்திரம் எழுதினார்கள். கடைசியில் நீ படம் வரைந்தபோது எங்களை வரையக்கூட இல்லை. ஒவ்வொன்றையும் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் இப்போது தெரிந்தே செய்யச் சொல்கிறாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

ரிஹானின் உம்மா ஆள் அனுப்பியிருந்தார். வீடு இருக்குமா இருக்காதா என்று பெருநாளுக்குள் சொல்லிவிடச் சொன்னார்கள். அப்ஸானா சுண்ணாம்படித்த அறையைத் தினமும் கூட்டுகிறாள்.

சைதா


வெதர்லி
3 ஏப்ரல் 2024

அன்புள்ள லாத்தா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் உங்களைச் சமாதானப்படுத்த ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். பின்கட்டையும் சேர்த்து முழு வீட்டையும் புதிதாய் வரைந்து, சரியான படமாகக் குழுவுக்கு அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

முன்வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிட்டேன். பின்கட்டில் பென்சில் நகரவில்லை. அடுக்களைக் கதவு முற்றத்தின் எந்தப் பக்கம்? தெரியவில்லை. கிணறு மூலையிலா, நடுவிலா? தெரியவில்லை. நீங்கள் ஆறு அறைகள் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு இரண்டுதான் ஞாபகம். கடைசியில் உம்மா படுத்திருந்த அறையை மட்டுமாவது குறிக்கலாம் என்று பார்த்தேன். லாத்தா, உம்மா எந்த அறையில் படுத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எந்த அறை என்றே தெரியாமல், அந்த அறையில் ஈரம் ஏறிவிட்டது என்று உங்கள்மேல் பழி போட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் அழுததைப் போல உம்மா மௌத்தான அன்றுகூட அழவில்லை.

மறுநாள் மார்கரெட் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். "உங்கள் பூட்டி பெயர் என்ன?" என்றுதான் கேட்டார். இரண்டு வருஷத்தில் உஸ்மா பீவியின் பெயரை அங்கே நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தேநீர்க் கூடத்திலிருந்து படத்தை நானே கழற்றிவிட்டேன். வழிகாட்டி வேலைக்கு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்னதனாலா, என் ஆங்கிலத்தினாலா என்று தெரியாது. கூடத்தில் நிற்கும் வேலை இருக்கிறது.

இத்துடன் இரண்டு தாள்களின் படமும் அனுப்புகிறேன். ஒன்று குழுவுக்கு, கைப்பட எழுதியது. ‘நான் வரைந்த படம் தவறு. நான் பார்க்காத இடத்தை இல்லாத இடம் என்று காட்டிவிட்டேன். விண்ணப்பத்தையும் சம்மதத்தையும் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதியிருக்கிறேன். குழுவுக்கும் நேரே அனுப்பிவிட்டேன், ஆனாலும் அச்செடுத்து உ தெய்ன் வின் கையில் ஒன்று கொடுங்கள். விடுமுறைக்கு முன் முத்திரை வாங்கிவிடுங்கள். மற்றது தானப் பத்திரத்துக்கான ஒப்புதல். வீடு உங்களுக்கு, உங்களுக்குப் பிறகு அப்ஸானாவுக்கு. தூதரகத்தில் சான்று வாங்கிய அசல் பின்னால் தபாலில் வரும். வாப்பா சொன்னதை ஆறு வருஷம் தாமதமாய்ச் செய்கிறேன்.

புகைபோக்கி விஷயத்திலும் நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன். அதற்குக் கீழே நடப்பவர் நீங்கள்.

அப்ஸானாவுக்கு என் துஆ.

உங்கள் தம்பி
ஹஸ்ஸான்


க்யிம்யிண்டைங்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி ஹஸ்ஸானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீண்ட கடிதம் எழுத வேண்டும் என்று தள்ளித் தள்ளி நாலு மாதம் ஓடிவிட்டது. நிக்காஹ் முடிந்ததை அப்ஸானா உனக்குப் படங்களோடு சொல்லியிருப்பாள். நானும் சொல்கிறேன். நல்லபடியாய் நடந்தது. உன் கடிதத்தை ஏப்ரல் ஐந்தாம் தேதி உ தெய்ன் வினிடம் கொடுத்தேன். ஒன்பதாம் தேதி முத்திரை விழுந்தது. ரிஹானின் உம்மாவிடம் நானே போய்க் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போதும் என்றார். மாப்பிள்ளை வந்துவிட்டான். சாப்பாடு சரியாய்ச் சாப்பிடுகிறான். ரத்தினம்மாளின் மொஹிங்காவுக்கு அடிமை ஆகிவிட்டான்.

முன்வீட்டுக்குச் செலவு செய்ய யாரும் இல்லை. நடுப் புகைபோக்கியைச் சின்னத்தம்பி மே மாதத்தில் ஓட்டுமட்டம் வரை இறக்கிவிட்டார். ஒவ்வொரு செங்கல்லாய்க் கயிற்றில் இறக்கி அடுக்கியிருக்கிறார், நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். வடக்கு முகப்பில் ஒழுகல் அதிகமாகியிருக்கிறது. கூடத்தில் பாதியைப் பூட்டிவிட்டோம். எத்தனை மழை தாங்கும் என்று சொல்ல முடியாது. விழட்டும் என்று நான் விட்டுவிடவில்லை, அதையும் தெரிந்துகொள். முடிந்தவரைக்கும் ஓடு மாற்றுகிறோம். அந்த மாடிப்படியில் எனக்கும் ஆசை உண்டு.

உம்மா படுத்திருந்தது கிணற்றை ஒட்டிய அறை. வாசல் முற்றத்தைப் பார்த்தது, காற்று நன்றாக வரும், ஈரமே கிடையாது. சளிக்குக் காரணம் வேறு, அந்த வருஷம் ஊரெல்லாம் வந்தது. உம்மாவுக்குக் கடைசிவரை நல்ல அறைதான் இருந்தது. உனக்குத் தெரியவில்லை என்று எழுதியதைப் படித்த அன்றே என் கோபம் போய்விட்டது. அதை உடனே எழுதாமல் விட்டது என் பிடிவாதம்.

பத்திரம் சென்ற வாரம் பதிவாயிற்று. நேற்று வார்டு ஆபீசுக்குப் போனேன். வீட்டுக்காரர் மாறினால் வீட்டுப் பட்டியலையும் புதிதாய் எழுத வேண்டுமாம். யார் யார் இந்த வீட்டு ஆட்கள் என்று குமாஸ்தா கேட்டார். என் பெயர் முதலில். பிறகு உன் மச்சான், அப்ஸானா, ரிஹான், ரத்தினம்மாள். பழைய பட்டியலைப் பார்த்து அவர் உன் பெயர்மேல் பேனாவை வைத்தார். வீடு கைமாறிவிட்டது, ஆளும் இருபத்துநாலு வருஷமாய் ஊரில் இல்லை, அடித்துவிடலாமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

"அடிக்காதீங்க சயா, வேலையா வெளியே போயிருக்கான்" என்றேன்.

எப்போது திரும்பி வருவார் என்று கேட்டார். அதற்கு அங்கே ஒரு கட்டம் இருக்கிறது, ஏதாவது எழுதியாக வேண்டுமாம். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிற டிசம்பர் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார்.

லாத்தா
சைதா